லெப்பர்ட் கெக்கோ தொட்டிக்குப் பின்வளவு மண்: ஓவனில் வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

லெப்பர்ட் கெக்கோ என்னும் பல்லியை வளர்க்கும் ஒருவர் ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருந்து கேட்டிருக்கிறார்: “எங்கட லெப்பர்ட் கெக்கோவுக்கு இவ்வளவு நாளும் கிச்சன் பேப்பர்தான் விரிச்சு வச்சிருந்தனாங்கள். இனி மண் போடலாம் எண்டு யோசிக்கிறம். பின்வளவில இருக்கிற மண்ணை எடுத்து ஓவன்ல வச்சுச் சுட்டால் காணுமா? எத்தினை டிகிரி, எவ்வளவு நேரம்?”

டிகிரியும் நேரமும் மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மண்ணின் நடுப்பகுதி 82 டிகிரி செல்சியஸைத் தொட்டபின் 30 நிமிடம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, சுட்டுவிட்டால் அந்த மண்ணை நம்பலாமா என்பது. அதற்கு ‘ஆம்’ என்று நேராகச் சொல்ல முடியாது. வெளிமண்ணில் வரும் கேடு இரண்டு வகை. ஒன்று உயிருள்ளவை: புழு முட்டை, பாக்டீரியா, பூஞ்சை, உண்ணி, எறும்பு. மற்றது நஞ்சு: ஈயம், ஆர்சனிக், பூச்சிமருந்து, எண்ணெய், உப்பு. வெப்பம் முதல் வகையைத்தான் கொல்லும். ஈயம் 82 டிகிரியிலும் ஈயம்தான், 300 டிகிரியிலும் ஈயம்தான். ரொறன்ரோ போன்ற பழைய நகரத்தில் பல்லிக்கு நான் அதிகம் அஞ்சுவது இந்த இரண்டாவது வகைக்கு. அதனால் எத்தனை டிகிரி என்பதற்கு முன், எந்த இடத்து மண் என்பதைத் தீர்க்க வேண்டும்.

முதலில் உங்கள் வீடு எப்போது கட்டியது என்று பாருங்கள். 1960-க்கு முன் கட்டிய வீடுகளில் வெளிச்சுவருக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் ஈயம் கலந்த பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அது உரிந்து, சுரண்டப்பட்டு, சுவரோரத்து மண்ணில்தான் விழுந்திருக்கும். ஈயம் மழையில் கரைந்து போய்விடாது. மேல்மண்ணிலேயே பல பத்தாண்டுகள் கிடக்கும். கனடாவில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் 1990 இறுதியில்தான் தடை செய்யப்பட்டது. ஆகவே போக்குவரத்து மிகுந்த பழைய சாலையோர மண்ணும் வேண்டாம். மரத்தில் போட்ட டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்), வேலி, விளையாட்டுச் சட்டம் இருந்தால், அது 2003-க்குப் பிறகு போட்டதா என்று விசாரியுங்கள். அதற்கு முன் வீட்டு உபயோகத்துக்கு விற்ற பச்சை நிறச் சாயல் கொண்ட பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக்கும் குரோமியமும் செம்பும் ஏற்றியிருந்தார்கள். டெக்கின் அடியில் மழைநீர் சொட்டும் மண்ணில் அவை இறங்கியிருக்கும். ஒன்டாரியோவில் புல்வெளிக்கு அழகுக்காகப் பூச்சிமருந்து, களைக்கொல்லி அடிப்பது 2009-இல் தடை செய்யப்பட்டதால் அந்தக் கவலை முன்பைவிடக் குறைவு. ஆனாலும் உரம் போட்ட புல்தரை, எறும்பு மருந்து தூவிய மூலை, குளிர்காலத்தில் உப்பு போடும் டிரைவ்வே ஓரம், காரோ புல்வெட்டியோ நிறுத்தி எண்ணெய் சொட்டிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த லெப்பர்ட் கெக்கோவின் எடை ஏறக்குறைய 50 முதல் 80 கிராம். அது தரையை நக்கி நக்கித்தான் சுற்றுப்புறத்தை அறிகிறது. பூச்சியைக் கவ்வும்போது கூடவே மண்ணும் வாய்க்குள் போகிறது. நீங்கள் இரையாக விடும் கிரிக்கெட் பூச்சிகளும் அந்த மண்ணைத் தின்றுவிட்டுத்தான் அதன் வயிற்றுக்குள் போகின்றன. மனிதர்களுக்கென்று கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு, ஒரு கிலோ மண்ணில் 140 மில்லிகிராம் ஈயம். பல்லிக்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு கிடையாது. அதனால் மனித அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்பதை வைத்து மண்ணைச் சரி என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் இருந்தால் மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து உலோகச் சோதனை செய்யலாம். ஆனால் அந்தச் செலவுக்குப் பல தொட்டிகளை நிரப்பும் அளவு கடை மண் வாங்கிவிடலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புதிய குடியிருப்புகளில் வேறொரு சிக்கல். கட்டடக்காரர்கள் முதலில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கட்டி முடித்தபின் எங்கிருந்தோ கொண்டுவந்த மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேலே புல்தரையை விரிப்பது வழக்கம். தோண்டினால் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே ஜிப்சம் துண்டு, கம்பி, ஆணி, கண்ணாடி எல்லாம் வரும். அது உங்கள் வளவு மண் என்றாலும் அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது. பூங்காவில் போய் எடுப்பதும் வழியல்ல. ரூஜ் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் மண், கல், மரக்கட்டை எதையும் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கத்துச் சருகுக்குள் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியும் இருக்கிறது. ரசாயனம் தொடாத காணி உள்ள உறவினர் யாராவது நகரத்துக்கு வெளியே இருந்தால், அனுமதி கேட்டு, சாலையிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் பயிர் வயல் ஓரத்திலிருந்தும் நன்றாக விலகிய இடத்தில் எடுப்பதுதான் சிறந்தது.

உயிருள்ளவை பற்றிப் பலரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். காட்டுப் பல்லிகளின் ஒட்டுண்ணி மண் வழியாக வந்துவிடும் என்பது பொதுவான அச்சம். ஒன்டாரியோவின் பூர்விகப் பல்லி ஒன்றே ஒன்றுதான், ஐந்து கோட்டு அரணை. அதுவும் ஸ்கார்பரோ வீட்டுப் பின்வளவில் திரிகிற உயிரல்ல. எனவே பல்லியிலிருந்து பல்லிக்குத் தொற்றும் கிருமி உங்கள் மண்ணில் இருக்க வாய்ப்புக் குறைவு. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நிலைமை நேர்மாறு. சுவருக்குச் சுவர் பல்லி, வேலிக்கு வேலி ஓணான், அவற்றின் எச்சம் விழாத மண்ணே இல்லை. அங்கே இதே கேள்விக்கு நான் இன்னும் கடுமையாகப் பதில் சொல்வேன். (இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: நட்சத்திர ஆமை முதலான நம் ஊர் ஊர்வன 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மண் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.)

ரொறன்ரோ மண்ணில் நீங்கள் பயப்பட வேண்டிய உயிர் ரக்கூனின் உருளைப்புழு. அது பல்லியைவிட மனிதருக்குத்தான் ஆபத்து. ரக்கூன்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும்: மரத்தின் அடி, விறகுக் குவியல், டெக்கின் மேல், கொட்டகைக் கூரை. அந்த மலத்தில் வரும் முட்டைகள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொற்றும் நிலையை அடையும், பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மனிதர் வாய்வழியாக உள்ளே போனால் குஞ்சுப்புழு மூளைக்கும் கண்ணுக்கும் போகக்கூடும். நோய் அரிதுதான், ஆனால் வந்தால் கொடியது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் அபாயம் அதிகம். ரக்கூன் கழித்த தடம் உள்ள இடத்தின் சுற்றுவட்டாரத்தில் மண் எடுக்காதீர்கள், சுட்டுவிடலாம் என்ற நம்பிக்கையிலும் எடுக்காதீர்கள். ஏனெனில் தோண்டி, சலித்து, தட்டில் போடும் வேலை எல்லாம் சுடுவதற்கு முன்னால் நடப்பது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, வெளியில் வைத்தே சலியுங்கள். இந்த முட்டைகள் 62 டிகிரி செல்சியஸிலேயே செத்துவிடும். ஆனால் ஃப்ரீசரில் வைத்தால் சாகாது. ‘இரண்டு கிழமை ஃப்ரீசரில் வைத்தால் போதும்’ என்ற ஆலோசனையை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். குளிர் பல பூச்சிகளைக் கொல்லும். புழு முட்டையையும் பாக்டீரியாவையும் பெரும்பாலும் உறங்க மட்டுமே வைக்கும்.

மண்ணின் தன்மையையும் பார்த்துவிடுங்கள். லெப்பர்ட் கெக்கோ மணல்மேட்டுப் பிராணி அல்ல. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களில் கல்லும் களியும் கலந்து இறுகிய வறண்ட தரையில் வாழ்வது. நமக்கு வேண்டியதும் அதே போல இறுகி நிற்கும், ஆனால் நகத்தால் கீறினால் உதிரும் தரை. நேரான பக்கங்கள் கொண்ட கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது வண்டல். ஒன்றிரண்டு நாளில் கடைசியாகப் படியும் வழுவழுப்பான அடுக்கு களி. ஒவ்வொரு அடுக்கின் உயரத்தையும் மொத்த உயரத்தால் வகுத்தால் விகிதம் தெரியும். மணல் 50 முதல் 70 சதவீதமும், களி 10 முதல் 25 சதவீதமும் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். ரொறன்ரோவின் வட பகுதியில் பனியாறு விட்டுச்சென்ற களிமண் அதிகம், ஏரிக்கு அருகே மணற்பாங்கான மண் வரும். களி 30 சதவீதத்தைத் தாண்டினால் காய்ந்ததும் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் கிரிக்கெட்டுகள் புகுந்துகொண்டு, பிறகு வெளியே வந்து, உறங்கும் பல்லியைக் கடிக்கும். பல்லி தோலுரிக்க வசதியாக ஈரமாக வைத்திருக்கும் பொந்துப் பக்கம் களி விரல்களில் அப்பிக் காய்ந்து வளையமாக இறுகுவதும் உண்டு.

இனி செய்முறை. ஆறு மில்லிமீட்டர் கம்பிவலையில் மண்ணைச் சலித்து, கல், வேர், கண்ணாடி, பிளாஸ்டிக்கை நீக்குங்கள். பிறகு மண்ணைத் தாளில் மெல்லிதாகப் பரப்பி, பிளாஸ்டிக் பைக்குள் போட்ட ஒரு வலுவான காந்தத்தை மேலே இழுத்துச் செல்லுங்கள். ஆணித் தலையும் கம்பித் துண்டும் வந்து ஒட்டுவதைப் பார்த்தால் இந்தப் படியை ஏன் விடக்கூடாது என்பது புரியும். மண்ணில் தண்ணீர் தெளித்து, கையால் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்த மண்ணில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும், கிருமிகளும் ஈர வெப்பத்தில்தான் எளிதாகச் சாகும். பயன்படுத்தி எறியும் அலுமினியத் தட்டில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் நிரப்பி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, தாளின் நடுவே இறைச்சி வெப்பமானியைக் குத்தி, அதன் முனை மண்ணின் மையத்தில் நிற்கும்படி வையுங்கள். ஓவனை 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள். வெப்பமானி 180 ஃபாரன்ஹீட், அதாவது 82 செல்சியஸ் காட்டியதும் 30 நிமிடத்தைக் கணக்கிடத் தொடங்குங்கள். ஓவனுக்குள் வைத்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. மையம் சூடேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, எங்கோ ‘180’ என்று படித்துவிட்டு ஓவனை 180 செல்சியஸில் வைப்பது. மண் சுமார் 93 செல்சியஸைத் தாண்டினால் அதில் உள்ள உயிர்ப்பொருள் சிதைந்து அம்மோனியம் பெருகும், மாங்கனீசு செடிகளுக்கு நஞ்சாகும் அளவுக்குக் கரையும் நிலைக்கு வரும், வீடு முழுக்கப் பல நாள் போகாத நாற்றம் அடிக்கும். மைக்ரோவேவ் வேண்டாம். சலிப்பில் தப்பிய உலோகத் துணுக்கு ஒன்றே தீப்பொறி தெறிக்கப் போதும். கற்களை ஓவனில் வைக்கவோ கொதிக்க வைக்கவோ வேண்டாம். ஆற்றோரக் கற்களின் உள்ளே நீர் இருந்தால் ஆவியாகி வெடிக்கும். தூரிகையால் சுடுநீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். கொதிநீரை மண்ணில் ஊற்றும் வழியும் பயனில்லை, கீழே இறங்குவதற்குள் ஆறிவிடும். சரியாகச் செய்தாலும் இது முழுக் கிருமிநீக்கம் அல்ல. விதையுறை போலத் தடித்த உறை போர்த்திய சில பாக்டீரியாக்கள் தப்பிக்கும். அவற்றைக் கொல்ல 121 டிகிரி செல்சியஸில் அழுத்தத்தோடு கூடிய நீராவி வேண்டும், வீட்டுத் தொட்டிக்கு அது தேவையும் இல்லை.

அளவைக் கணக்கிட்டால்தான் இந்த வேலையின் பருமன் தெரியும். 91-க்கு 46 சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள தொட்டியில் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 33 லிட்டர் கலவை வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கழுவிய பிளே சாண்ட் (பிள்ளைகள் விளையாட விற்கும் மணல்) என்பது களிப்பாங்கான மண்ணுக்குப் பொருந்தும் விகிதம். மணல் மண்ணின் இடைவெளிக்குள் போய் உட்காருவதாலும், பிறகு நீங்கள் அழுத்தப் போவதாலும், 25 லிட்டர் மண்ணும் 13 லிட்டர் மணலும் எடுத்தால்தான் 33 கிடைக்கும். 25 லிட்டரை ஓவனில் வைத்து எடுக்க மூன்று நான்கு முறை ஆகும், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். என் கருத்தைக் கேட்டால், நகரத்து வீட்டில் இருப்பவர் உரம் சேர்க்காத டாப்சாயில் (கடையில் விற்கும் மேல்மண்) பை ஒன்றை வாங்குவதே நல்லது. பையைப் பிரித்துப் பாருங்கள்: வெள்ளை மணிகள் தெரிந்தால் செடித்தொட்டிக் கலவையில் சேர்க்கும் பெர்லைட், வண்ண உருண்டைகள் தெரிந்தால் மெதுவாகக் கரையும் உரம், சாணி வாடை வந்தால் எரு. மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். பை மண்ணிலும் கண்ணாடித் துணுக்கு வரும், சலிப்பதையும் காந்தத்தையும் விடாதீர்கள்.

கலவையின் எடை 45 கிலோவை ஒட்டி வரும். மேசை அதைத் தாங்குமா, கண்ணாடித் தொட்டியின் அடி முழுவதும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று நிரப்பும் முன் பாருங்கள். பாறைகளை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நேராக வைத்து, பிறகு அவற்றைச் சுற்றி மண்ணை நிரப்புங்கள். மண்ணின்மேல் வைத்த கல்லுக்கு அடியில் பல்லி தோண்டினால் கல் அதன்மேல் சரியும். ஈரக் கலவையை இரண்டு இரண்டு சென்டிமீட்டராகப் போட்டு உள்ளங்கையால் இறுக்குங்கள். விளக்கை எரியவிட்டு நான்கைந்து நாள், தேவையானால் ஒரு வாரம் காயவிடுங்கள். தொட்டிக்குள் காற்றின் ஈரம் 40 சதவீதத்துக்கு அருகில் இறங்கியபின்தான் பல்லியை விட வேண்டும். ஓவனில் வைத்த மண்ணில் அம்மோனியா வாடை இருந்தால் அதுவும் இந்த நாட்களில் போய்விடும். போகாவிட்டால் அந்த மண்ணை ஒதுக்குங்கள்.

மண் தின்று குடலடைத்துச் செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள், ஆரோக்கியமான பல்லிக்கு அது வரவே வராது என்று வேறு சிலர் சாதிப்பார்கள். மருத்துவர்களிடையேயும் இதில் ஒரே கருத்து இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது: வெப்பம் போதாமை, நீரிழப்பு, கால்சியம் குறைவு, வயிற்றுப் புழு இவற்றில் ஒன்று இருந்தால் அடைப்புக்கு வாய்ப்பு மிகும். வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 34 முதல் 36 செல்சியஸ் இருக்க வேண்டும். மண் போட்டால் தொட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் வேலை செய்யாது. எட்டு சென்டிமீட்டர் மண் அந்தச் சூட்டை மேலே வரவிடாமல் தடுத்து, அடியில் கண்ணாடியைக் கீறலிட வைக்கும் அளவுக்குச் சூடாக்கும். மேலிருந்து வரும் விளக்குக்கு மாறிவிடுங்கள், தெர்மோஸ்டாட்டுடன். கால்சியப் பொடி தனியாக ஒரு மூடியில் எப்போதும் இருக்கட்டும். பல்லி திரும்பத் திரும்ப மண்ணையே வாய் நிறையக் கவ்வினால், அது பெரும்பாலும் குறைபாட்டின் அறிகுறி. மண்ணை நீக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக வந்த பல்லி, நோயாளி, சில மாதக் குஞ்சு இவற்றுக்குக் கிச்சன் பேப்பர்தான் சரி.

நீங்கள் பேப்பரில் இருந்து மாறுவதால் இதையும் செய்துவிடுங்கள்: மண் போடுவதற்கு முன் எச்சத்தை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். கீரிப்பூச்சியும், காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியும் நேரடியாக எச்சத்திலிருந்து வாய்க்குப் போய்த் திரும்பத் தொற்றுபவை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் இன்னொரு குடல் ஒட்டுண்ணி இந்த இனத்தில் வாலை ஈர்க்காக மெலியவைத்துக் கொல்லும். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு அசையாது. பேப்பரை எறியலாம், மண்ணைக் கழுவ முடியாது. வெளியிலிருந்து மண் கொண்டுவரும் கிருமியைவிட, பல்லியே மண்ணுக்குள் விதைக்கும் கிருமிதான் நடைமுறையில் அதிகம் தொல்லை தருவது.

சுட்ட மண் வெறுமையான மண். முதலில் அதில் குடியேறுவது வெண்பூஞ்சை. ஈரப் பொந்தைச் சுற்றி முதல் சில வாரங்களில் வெள்ளை இழை படர்ந்தால் பதறாதீர்கள். கிளறிவிட்டுக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பயோஆக்டிவ் தொட்டி, அதாவது கழிவைத் தின்னும் சிற்றுயிர்கள் வாழும் தொட்டி வேண்டுமென்றால், ஸ்பிரிங்டெயில் என்னும் மண்ணில் வாழும் நுண்ணுயிரினமும், வறட்சியைத் தாங்கும் ஐசோபாட் (மரப்பேன்) வகையும் வளர்ப்பவரிடம் வாங்கி, எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மூலையும் சருகும் வைத்து விடுங்கள். வளவில் கல்லுக்கடியில் கிடப்பதைப் பிடித்துப் போட வேண்டாம், அவை சில ஒட்டுண்ணிகளுக்கு இடைத்தங்கலாகும். இவை இருக்கின்றன என்பதற்காக எச்சத்தை அள்ளாமல் விடக்கூடாது. லெப்பர்ட் கெக்கோ பெரும்பாலும் ஒரே மூலையில்தான் போகும். அந்த மூலையில் தட்டையான ஓடு ஒன்றை வைத்து, நாள்தோறும் எடுத்துக் கழுவுங்கள். அதைச் சுற்றியுள்ள மண்ணில் இரண்டு கைப்பிடியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஊர்வன எல்லாம் சால்மொனெல்லாவைச் சுமக்கலாம் என்பதால் கரண்டி, தட்டு, வாளி எல்லாம் தொட்டிக்கென்று தனியாக இருக்கட்டும், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பழைய மண்ணைக் கத்தரிக்காய்ப் பாத்தியில் கொட்டாமல், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.